எட்டு வயதுப் பையனுக்கு வரலாறு: கிறிஸ்தவ வீட்டுப்பள்ளிப் பாடத்திட்டங்களில் எதை எடுப்பது?

பிளேனோ அம்மா:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். டெக்சாஸில் இருக்கிறோம். மகனுக்கு எட்டு முடிந்துவிட்டது, வரும் ஆகஸ்டில் மூன்றாம் வகுப்பு. மகளுக்கு ஐந்து. பத்து மாதக் கைக்குழந்தை ஒன்று. வீட்டுப்பள்ளி தொடங்கி இது மூன்றாவது வருஷம். கணக்கும் வாசிப்பும் ஒரு மாதிரி ஓட்டத்துக்கு வந்துவிட்டன. வரலாறுதான் இன்னும் பிடிபடவில்லை.

போன வருஷம் சபையில் ஒரு சிநேகிதி கொடுத்த பாடநூலை வைத்து நடத்தினேன். பெயர் வேண்டாம். ஒரு பக்கம் வாசிப்பு, எதிர்ப்பக்கம் கோடிட்ட இடம். பையன் எல்லாக் கோட்டையும் நிரப்பினான், பரீட்சையில் எல்லாம் சரி. மார்ச் மாதம் ஒரு நாள், இங்கிலாந்திலிருந்து கிறிஸ்தவக் குடியேறிகளை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த மேஃபிளவர் கப்பல் படத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டான்: "அம்மா, ஊர்ல தாத்தாவோட தாத்தாவுக்கு இயேசுவைப் பத்திச் சொன்னவங்க இந்தக் கப்பல்லதான் வந்தாங்களா?"

எங்களுக்கு மார்த்தாண்டம் பக்கம். ஐந்து தலைமுறையாகச் சபைக்குப் போகிற குடும்பம். ஒரு வருஷம் வரலாறு படித்த பிள்ளை மனதில் சுவிசேஷம் என்றால் அந்த ஒரு கப்பல் என்று பதிந்திருக்கிறது. எனக்கும் பதில் தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

டெக்சாஸில் சட்டம் எங்கள் கையைக் கட்டவில்லை. 1994இல் லீப்பர் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் வீட்டுப்பள்ளியைத் தனியார் பள்ளி என்றே ஏற்றது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடியுரிமை இந்த ஐந்தும் நடத்தினால் போதும். வரலாறு அந்தப் பட்டியலில்கூட இல்லை. ஆகவே எதை எடுப்பது என்பது முழுக்க எங்கள் பொறுப்பு.

நான் பார்த்து வைத்திருப்பவை: மிஸ்டரி ஆஃப் ஹிஸ்டரி, ஸ்டோரி ஆஃப் த வேர்ல்ட், நாட்கிராஸ், அபெகா. யாராவது பயன்படுத்தியிருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஒரு நாளைக்கு வரலாற்றுக்கு நாற்பது நிமிஷத்துக்கு மேல் என்னால் முடியாது.

ஹூஸ்டன் பிரதர்:

சிஸ்டர், ஸ்தோத்திரம். எங்கள் பிள்ளைகளுக்குப் பத்தும் பன்னிரண்டும். நாங்கள் வகுப்பு வாரியான கிறிஸ்தவப் பாடநூலையே வைத்திருக்கிறோம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி நர்ஸ், இரவு ஷிஃப்ட். காலையில் அவர்கள் வந்து படுத்த பிறகு பிள்ளைகள் தாங்களாகவே திறந்து வாசித்து, எழுதி வைக்க வேண்டும். கதைப் புத்தகமும் சத்தமாக வாசிப்பதும் நல்லதுதான், ஆனால் வாசிக்க ஒரு ஆள் விழித்திருக்க வேண்டுமே. பாடநூலில் இன்று எந்தப் பக்கம் என்பது தெளிவு, ஆசிரியர் கையேட்டில் விடையும் இருக்கிறது. கைக்குழந்தையோடு இருக்கிற உங்களுக்கு அந்த ஒழுங்கு பெரிய உதவி.

இன்னொன்று. வரலாற்றை நடத்துகிறவர் கர்த்தர் என்பது பாடத்தின் முதல் வரியிலேயே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆதியாகமத்தில் தொடங்காத வரலாற்று நூலை இந்த வயதில் பிள்ளை கையில் கொடுக்க எனக்கு மனம் இல்லை. பிறகு வளர்ந்து எல்லாம் வாசிக்கட்டும்.

ராலே அக்கா:

வட கரோலினாவிலிருந்து. மூன்று பிள்ளைகள், பதினொரு வருஷம். மூத்தவன் இப்போது கல்லூரி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி, நீங்கள் சொன்ன நாலும் ஒரே சாதியில்லை. அபெகாவும், நீங்கள் சொல்லாத பிஜேயூ பிரஸ்ஸும் வகுப்புப் பாடநூல்கள். முதலது ஃபுளோரிடாவின் பென்சகோலாவிலிருந்து, மற்றது தென் கரோலினாவின் கிரீன்வில்லிலிருந்து வருகிறது. நாட்கிராஸ் சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டிருக்கும் அமெரிக்க வரலாறு ஒன்றாம் வகுப்பு முதல் நாலாம் வகுப்பு வரைக்கும் ஒரே நூல், ஆக உங்கள் மகனும் பக்கத்தில் உட்கார்ந்து மகளும் கேட்கலாம். ஆனால் அது ஒரு நாட்டின் கதை. மிஸ்டரி ஆஃப் ஹிஸ்டரியும் ஸ்டோரி ஆஃப் த வேர்ல்டும் உலக வரலாறு. இரண்டும் நாலு பாகம். இரண்டும் ஆதியிலிருந்து நவீன காலம்வரை காலவரிசையில் போகின்றன.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுக்கு முக்கியம். மிஸ்டரியின் முதல் பாகம் படைப்பில் தொடங்கி உயிர்த்தெழுதலில் முடிகிறது. இரண்டாம் பாகம் ஆதிச் சபையும் இடைக்காலமும். வாரத்துக்கு மூன்று சிறு பாடம், ஒவ்வொன்றுக்கும் சின்னவர், நடுத்தரம், பெரியவர் என்று தனித்தனி வேலை. வேதத்தில் வரும் மனிதர்களும் எகிப்து, அசீரியா, கிரேக்க மன்னர்களும் ஒரே வரிசையில் வருவார்கள். எசேக்கியாவின் காலத்தில் அசீரியாவில் யார் ராஜா என்று பிள்ளைக்கு அப்போதே தெரிந்துவிடும். ஸ்டோரி ஆஃப் த வேர்ல்ட் வேறு மாதிரி. முதல் பாகம் நாடோடிகளில் தொடங்கி ரோமின் கடைசிப் பேரரசரில் நிற்கிறது. ஆபிரகாம், யோசேப்பு, மோசே வருகிறார்கள். சிந்து நதி, அசோகர், சித்தார்த்தரும் வருகிறார்கள். எந்த மதத்தாரும் பயன்படுத்தும்படி எழுதியது. கதை சொல்லும் நடையில் அதற்கு ஈடு நான் பார்க்கவில்லை. ஒலிநூலும் உண்டு. என் இரண்டாவது மகள் காரில் அதைக் கேட்டே முதல் பாகத்தை முடித்தாள். நாலாம் பாகம் மட்டும் போர், படுகொலை என்று கனமாக இருக்கும், அதை எட்டு வயதில் கொடுக்காதீர்கள்.

நான் எதை எடுத்தேன் என்றால், மூத்தவனுக்குப் பாடநூல், அடுத்த இருவருக்கும் கதைநூல். கதைநூல் பிள்ளைகள்தான் பத்து வருஷம் கழித்தும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். நூல் மட்டும் காரணமில்லை, நடத்திய முறையும் ஒரு காரணம். இங்கிலாந்தில் சார்லட் மேசன் என்ற அம்மையார், 1842இல் பிறந்து 1923இல் மறைந்தவர், ஒரு எளிய வழி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஒரு தடவை மட்டும் வாசி. புத்தகத்தை மூடு. பிள்ளை தன் வாயால் திருப்பிச் சொல்லட்டும். நடுவில் திருத்தாதே. முதல் ஒரு மாதம் "ஒரு ராஜா இருந்தான், அப்புறம் செத்துட்டான்" என்பதோடு நிற்கும். மனம் தளராதீர்கள். மூன்றாவது மாதம் நீங்கள் வாசிக்காமல் விட்டதையெல்லாம் கேட்பார்கள்.

கோடிட்ட இடம் நிரப்பினதால் உங்கள் மகனுக்குப் படிப்பு ஏறவில்லை என்று நான் சொல்லமாட்டேன். அவன் கேட்ட கேள்வியைப் பாருங்கள். அது எவ்வளவு நல்ல கேள்வி! வரலாறு அவனுக்குள் போயிருப்பதால்தான் கேட்டிருக்கிறான்.

ஹாரிஸ்பர்க் அப்பா:

அக்கா சொன்னதோடு எங்கள் வீட்டு அனுபவம் ஒன்று.

எங்கள் கூடத்துச் சுவரில் பிரவுன் பேப்பர் சுருளை ஒட்டிக் காலக்கோடு வரைந்திருக்கிறோம். ஆறு மீட்டர் நீளம். மகள் (வயது ஒன்பது) பாடநூலைப் பார்த்து ஜலப்பிரளயத்தை கி.மு. 2348இல் ஒட்டினாள். அது அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல் வெளியிட்ட கணக்கு. படைப்புக்கு கி.மு. 4004 என்று சொன்னவரும் அவரே. அடுத்த வாரம் நூலகத்தில் எடுத்த எகிப்துப் புத்தகத்தைப் பார்த்து, கிசாவின் பெரிய பிரமிடை கி.மு. 2560 பக்கத்தில் ஒட்டினாள். ஒட்டிவிட்டு ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். "அப்பா, அப்போ வெள்ளம் வந்தப்போ பிரமிடு தண்ணிக்குள்ள இருந்துச்சா?"

அதனால் எந்தப் பாடத்திட்டம் எடுத்தாலும், ஆரம்ப காலத் தேதிகளை அது எந்தக் கணக்கில் போட்டிருக்கிறது என்று முதலிலேயே பாருங்கள். பூமிக்குச் சில ஆயிரம் வயதே என்று எண்ணும் இளம்பூமிக் கணக்கை வைத்திருக்கும் நூல்கள் எகிப்தின் தேதிகளை வெள்ளத்துக்குப் பிந்தைய காலத்துக்கு இறக்கும். நூலகப் புத்தகம் இறக்காது. இரண்டையும் கலந்தால் பிள்ளைக்கு முன்னால் நீங்கள் திணறுவீர்கள்.

நாங்கள் இப்போது செய்வது இது. தாவீதுக்கு முந்தைய தேதிகள் எல்லாம் பென்சிலில். இஸ்ரவேலர் எகிப்தை விட்டுப் புறப்பட்டதற்கு இரண்டு இடத்தில் பென்சில் குறி வைத்திருக்கிறோம். 1 இராஜாக்கள் 6:1இல் சொல்லும் 480 வருஷத்தை சாலொமோன் ஆலயத்திலிருந்து பின்னால் எண்ணினால் கி.மு. 1446 வருகிறது. பதிமூன்றாம் நூற்றாண்டில், இரண்டாம் ராமசேஸ் காலத்தில் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். விசுவாசிகளிலேயே இரண்டு கருத்தும் உண்டு என்று மகளிடம் நேரடியாகச் சொன்னேன். எருசலேம் விழுந்த கி.மு. 586, பாபிலோனைப் பாரசீக ராஜா கோரேசு பிடித்த 539, இவையெல்லாம் மையில். அங்கே வேதமும் பாபிலோனின் களிமண் பலகையும் சந்திக்கின்றன. பென்சில், மை வித்தியாசத்தை அவள் உடனே பிடித்துக்கொண்டாள். அதனால் அவள் விசுவாசம் ஒன்றும் ஆட்டம் காணவில்லை, பிரதர்.

சட்டம் பற்றி: பென்சில்வேனியாவில் டெக்சாஸ் போல இல்லை. ஆகஸ்ட் 1க்குள் பள்ளி மாவட்டத்துக்கு உறுதிமொழிப் பத்திரம், 180 நாள் அல்லது 900 மணி நேரம், வருஷக் கடைசியில் கோப்பைப் பார்த்துக் கையெழுத்திட ஒரு மதிப்பீட்டாளர். அமெரிக்க வரலாறும் பென்சில்வேனியா வரலாறும் கட்டாயம். வேறு மாநிலத்தில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் தங்கள் மாநிலச் சட்டத்தைப் பார்த்த பிறகு நூல் வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று, இதைக் கொஞ்சம் வலுவாகவே சொல்கிறேன். வாங்கும் முன் மாதிரிப் பக்கங்களில் ஸ்குவாண்டோவைத் தேடுங்கள். மேஃபிளவரில் பிளிமத்துக்கு வந்தவர்களுக்குச் சோளம் போடச் சொல்லிக்கொடுத்த பூர்வகுடி மனிதர். பல நூல்களில் "ஆங்கிலம் பேசும் செவ்விந்தியர் ஒருவரைக் கர்த்தர் அனுப்பினார்" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அவருக்கு ஆங்கிலம் எப்படித் தெரியும்? 1614இல் தாமஸ் ஹண்ட் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவன் அவரைப் பிடித்துக்கொண்டுபோய் ஸ்பெயினின் மலகாவில் விற்கப் பார்த்தான். அங்கிருந்து இங்கிலாந்து போய், 1619இல் ஊர் திரும்பினால் ஊரே நோயில் அழிந்துகிடந்தது. அதே ஆண்டில் வர்ஜீனியாவில் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக இறக்கினார்கள். யோசேப்பின் கதையைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு விற்கப்பட்டவன் கதை புரியும். அதை மறைத்து எழுதும் நூலைக் கிறிஸ்தவ நூல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடிமைத்தனத்திலிருந்து தப்பிய ஃபிரெட்ரிக் டக்ளஸ் 1845இலேயே தன் சுயசரிதையின் பின்னிணைப்பில் கிறிஸ்துவின் மார்க்கம் வேறு, அடிமை வைத்திருப்பவர்களின் மார்க்கம் வேறு என்று பிரித்து எழுதிவிட்டார்.

ஹூஸ்டன் பிரதர்:

தம்பி, ஸ்குவாண்டோ விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. எங்கள் நூலில் தேடிப் பார்த்தேன், ஒரே வரிதான். இன்று மாலை நானே உட்கார்ந்து மீதியைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பெரியவன் சாப்பிடும்போதும் அதையே கேட்டுக்கொண்டிருந்தான்.

தேதிகளில் மட்டும் நான் என் இடத்திலேயே நிற்கிறேன். எங்கள் வீட்டில் ஆதியாகமத்துக்குப் பென்சில் இல்லை. ஆனால் இரண்டு கணக்கையும் ஒரே சுவரில் கலக்கக் கூடாது என்பது நல்ல ஆலோசனை, அதை எடுத்துக்கொள்கிறேன்.

பிளேனோ அம்மா:

அக்கா, பிரதர்கள் எல்லோருக்கும் நன்றி. திருப்பிச் சொல்லுகிற முறையை நேற்றே முயன்றேன். ரூத் முதல் அதிகாரம் வாசித்துவிட்டு மூடினேன். பையன் இரண்டு வாக்கியத்தில் நிறுத்திவிட்டான். ஐந்து வயது மகள் பக்கத்தில் களிமண் உருட்டிக்கொண்டே நகோமி அழுததுவரை சொன்னாள்!

ஆனால் கப்பல் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. எந்தப் பாடத்திட்டத்திலும் அது இருக்காது போலிருக்கிறது.

ஸ்கார்பரோ டீச்சர்:

பிள்ளை, நான் கனடாவில் இருக்கிறேன். ஊர் யாழ்ப்பாணம், உடுவில். ஓய்வுபெற்ற ஆசிரியை, இப்போது பேரப்பிள்ளைகளுக்கு வீட்டில் படிப்பிக்கிறேன். உங்கள் மகனின் கேள்வியை வாசித்ததும் கண் கலங்கிவிட்டது, ஏனென்றால் எங்களுக்கு அது கிட்டத்தட்ட உண்மை. மேஃபிளவர் இல்லை. ஆனால் அந்தக் கப்பல் போய் இறங்கிய அதே மாசசூசெட்ஸ் கரையிலிருந்து, நியூபெரிபோர்ட் துறைமுகத்தில் 1815இல் ஏறிய மிஷனரிகள்தான் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். அமெரிக்கன் சிலோன் மிஷன். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி, 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். நான் படித்த இடம். 1841இல் உதயதாரகை பத்திரிகை.

அடுத்து 1819இல் நியூயார்க்கிலிருந்து ஜான் ஸ்கடர் என்ற டாக்டர் வந்தார். யாழ்ப்பாணத்தில் பல வருஷம் இருந்து பிறகு சென்னைப் பக்கம் போனார். அவருடைய பேத்திதான் ஐடா ஸ்கடர், 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர், 1900இல் வேலூரில் வைத்தியம் தொடங்கியவர். ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து பிரசவத்துக்குப் பெண் டாக்டர் வேண்டுமென்று கேட்டதும், விடிய முன்னம் மூன்று பெண்களும் இறந்ததும், அதனால் அவர் திரும்பிப் போய் டாக்டருக்குப் படித்ததும் என் பேத்திக்கு மனப்பாடம். மிஷனரிகளின் வாழ்க்கையை ஒன்பது, பத்து வயதுக்கு எழுதிய நூல் வரிசைகள் அமெரிக்காவில் நிறைய. அவற்றில் ஐடா ஸ்கடரும் ஏமி கார்மைக்கேலும் நிச்சயம் கிடைப்பார்கள். நூலகத்தில் கேளுங்கள்.

பாடத்திட்டம் எதுவானாலும் வாங்குங்கள். ஆனால் அதில் ஆதிச் சபை ஐரோப்பாவுக்குள் மட்டும் போகிறதா என்று பாருங்கள். 203இல் கார்த்தேஜில் இரத்தசாட்சியாக மரித்த பெர்பெத்துவா ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவள். நாலாம் நூற்றாண்டில் எத்தியோப்பியாவில் எசானா ராஜா கிறிஸ்தவரானார். சீனாவின் சியானில் 781இல் நட்ட கல்வெட்டில் சிலுவை இருக்கிறது. சென்னைப் பரங்கிமலையில் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்துள்ள சிலுவை 1547இல் கிடைத்தது. இயேசுவின் சீடர் தோமா கி.பி. 52இல் வந்தார் என்பது கேரளத்துப் பாரம்பரியம். அதைப் பாரம்பரியம் என்றே சொல்லிக் கொடுங்கள், பிள்ளைகளுக்கு விளங்கும்.

ராலே அக்கா:

டீச்சர் அம்மா, இதையெல்லாம் அப்படியே எழுதி எடுத்து வைத்துவிட்டேன்.

தங்கச்சி, உங்களுக்கு மார்த்தாண்டம் என்றீர்களே. அது லண்டன் மிஷன் பகுதி. உங்கள் மகன் கேள்விக்குப் பதில் குமரி மாவட்டத்து மயிலாடியில் இருக்கிறது. மாமனாரிடம் "வேதமாணிக்கம்" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். நான் சொல்லிவிட்டால் அவருக்குச் சொல்லும் சந்தோஷம் போய்விடும்.

பிளேனோ அம்மா (ஏழு வாரம் கழித்து):

சொல்ல நிறைய இருக்கிறது, குழந்தை தூங்கும் நேரத்துக்குள் எழுதிவிடுகிறேன்.

மிஸ்டரி ஆஃப் ஹிஸ்டரி முதல் பாகம் வாங்கினோம், பழைய புத்தக விற்பனையில். வாரம் மூன்று பாடம் எங்களுக்கு ஓடவில்லை. இரண்டோடு நிறுத்திவிட்டேன். ஒரு வருஷத்தில் முடியாது, ஒன்றரை வருஷம் ஆகும், ஆகட்டும். வேலைத்தாள்கள் பாதியை விட்டுவிட்டேன். வாசிப்பு, திருப்பிச் சொல்லுதல், சுவரில் ஒரு அட்டை, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மட்டும் அமெரிக்கா: நூலகத்திலிருந்து ஒரு வாழ்க்கை வரலாறு. ஹாரிஸ்பர்க் தம்பி சொன்ன பென்சில் வழியை எடுத்துக்கொண்டோம். என் கணவருக்கு முதலில் தயக்கம் இருந்தது, இரண்டு பேரும் ஜெபித்துப் பேசி முடிவெடுத்தோம்.

அப்புறம் மாமா. சனிக்கிழமை வீடியோ காலில் "வேதமாணிக்கம்" என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். நாற்பது நிமிஷம் சொன்னார். மயிலாடிக்காரர் ஒருவர் சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். மனம் நிறையவில்லை. திரும்பும் வழியில் தஞ்சாவூரில் உறவுக்காரர்கள் வழியாக மிஷன் சபையில் வசனம் கேட்டார். வேதமாணிக்கம் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்று, ஊருக்குத் திரும்பி, தன் ஜனங்களிடம் தானே சொன்னார். தரங்கம்பாடிக்குப் போய் மிஷனரி ஒருவரை ஊருக்கு அழைத்ததும் அவரே. அப்படித்தான் ரிங்கல்தௌபே 1806இல் வந்தார்.

பையன் கேட்டுக்கொண்டே இருந்தான். "அப்போ கப்பல்ல வந்தவரு ரெண்டாவதுதானா தாத்தா? முதல்ல நம்ம ஊர் ஆளு நடந்து போயிட்டு வந்தாரா?"

"நடந்துதான் மக்கா, அந்தக் காலத்துல வேற என்ன இருந்துச்சு?"

அன்றைக்குச் சாயங்காலம் வரைபடத்தில் மயிலாடியிலிருந்து தஞ்சாவூர்வரை சிவப்பு நூல் ஒட்டினான். நேர்க்கோட்டிலேயே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். சுவரில் 1620இல் மேஃபிளவர் அட்டை முன்பே இருக்கிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் வந்ததை ஒட்டினோம். ஸ்கார்பரோ அம்மாவின் 1816க்கும் ஒரு அட்டை. 1806க்கு மட்டும் தமிழில்தான் எழுதுவேன் என்று அடம்பிடித்து "மயிலாடி" என்று அவனே எழுதினான். அட்டையின் மேல்பாதியைப் படம் ஒட்டுவதற்காகக் காலியாக விட்டிருக்கிறான். மயிலாடி ஆலயத்தின் நல்ல புகைப்படம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், தீப்பெட்டி அளவுக்கு அச்செடுத்தால் சரியாக இருக்கும்.